வெள்ளிக்கிழமைகளில் பல்லாவரம் போன ஏழுமலை

ஏழுமலை இறந்த செய்தி வந்தபோது, நான் உயிரோடு இருப்பதை நிரூபித்துக்கொண்டிருந்தேன். ஓய்வூதியம் வாங்குகிறவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை நேரில் போய்க் கட்டைவிரலை வைத்துவிட்டு வர வேண்டும். அந்த அலுவலகத்தில் இருந்த கருவி என் விரலை ஏற்க மறுத்தது. "நல்லா துடைச்சிட்டு வைங்க மேடம்" என்று மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் மூன்றாவது முறை சொன்னபோது கைபேசி அடித்தது. கஸ்தூரியின் எண். ஏழுமலையின் மனைவி அதுவரை ஒருநாளும் என்னைத் தானாக அழைத்ததில்லை.

"டீச்சர், அவரு இல்ல டீச்சர். காலீல வண்டிய தொடச்சிகினு இருந்தாரு. நெஞ்ச புடிச்சிகினு ஒக்காந்தாரு. அவ்ளோதான்."

"வரேன்மா" என்றேன். ஆனால் உடனே கிளம்பவில்லை. விரலைச் சேலைத் தலைப்பில் துடைத்து மறுபடி வைத்தேன். இந்த முறை கருவி ஏற்றுக்கொண்டது. காகிதத்தை வாங்கி மடித்துப் பையில் வைத்த பிறகுதான் வெளியே வந்தேன். ஒரு மனிதர் செத்துப்போனார் என்று கேட்ட பிறகு எதற்காக அந்த வேலையை முடித்துவிட்டு வந்தேன் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. இந்தக் கட்டுரையில் எனக்குப் புரியாதவை இன்னும் நிறைய வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை வகுப்புக்கு வருகிறவர்களும், வந்துவிட்டு நின்றவர்களும் சேர்ந்து அவருக்காக ஒரு சிறு நினைவு மலர் போடுகிறீர்கள். நான்தான் முதலில் எழுத வேண்டும் என்று கேட்டீர்கள். கேட்காமல் இருந்திருந்தால் எழுதியிருக்க மாட்டேன். காரணம் உங்களில் சிலருக்குத் தெரியும். தெரியாதவர்கள் படித்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஏழுமலைக்கு ஐம்பத்திரண்டு வயது. ஷேர் ஆட்டோ ஓட்டினார். பத்தொன்பது வயதில் தொடங்கி நாற்பது வயது வரை கஞ்சா புகைத்தவர். நாற்பதில் நிறுத்தினார். நான் விலங்கியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். மருத்துவர் இல்லை. கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் சர்ச்சுக்குப் பின்னால் உள்ள கூடத்தில், கஞ்சாவை விட நினைப்பவர்களுக்குச் சனிக்கிழமை நாலு மணிக்கு ஒரு வகுப்பு எடுக்கிறேன். அது மூளையை என்ன செய்கிறது என்பதுதான் பாடம். இந்த வேலைக்கு நான் வந்ததற்குக் காரணம் என் தம்பி. வேதாகமத்தின் மேல் கை வைத்து நிறுத்திவிட்டேன் என்று அவன் சொன்ன தடவைகளை எண்ணுவதை ஒரு கட்டத்தில் நானே நிறுத்திவிட்டேன். இப்போது அவன் கோயம்புத்தூரில் இருக்கிறான். பேசுவதில்லை.

முதல் நாள் ஏழுமலை வந்து, பள்ளிக்கூடத்துக்கு இன்ஸ்பெக்ஷன் வந்த அதிகாரி மாதிரி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். நான் எலிகளை வைத்துச் செய்யும் ஆராய்ச்சிகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். கையைத் தூக்கினார்.

"டீச்சர், ஒரு டவுட்டு. எலிக்கி இன்னா கஷ்டம்னு அதுக்கு கஞ்சா குடுத்தாங்க? வேலைக்கி போறது கெடையாது, வூட்டு வாடக கெடையாது."

கூடம் சிரித்தது. எனக்குக் கோபம் வந்தது. முப்பத்து நாலு வருடம் வகுப்பு எடுத்தவளுக்கு முன்வரிசைச் சிரிப்பு பிடிக்காது. வகுப்பு முடிந்த பிறகு அவரே வந்து, "கோச்சிக்காதீங்க. எனக்கு அப்பவும் கஷ்டம் இருந்து அடிக்கல டீச்சர். சும்மாதான் அடிச்சேன். அதான் கேட்டேன்" என்றார். நான் அன்று இரவு யோசித்தேன். எலியும் சும்மாதான் பழகுகிறது. அடுத்த வாரத்திலிருந்து பாடத்தை அங்கிருந்து தொடங்கினேன்.

அவர் என் மொழிபெயர்ப்பாளரானது மழைக்காலத்தில் ஒரு சனிக்கிழமை. நான் பலகையில் இரண்டு செல்களை வரைந்து விளக்கிக்கொண்டிருந்தேன். ஒரு செல் இன்னொன்றிடம் பேசுகிறது. பேச்சு அளவுக்கு மீறினால், கேட்கிற செல் திருப்பிப் 'போதும்' என்று சேதி அனுப்புகிறது. அந்தச் சேதிக்கான பொருளை மூளை தானே தயாரித்துக்கொள்கிறது. எந்த இணைப்பு வலுக்க வேண்டும், எது தளர வேண்டும் என்பதெல்லாம் இந்த ஏற்பாட்டால்தான் நடக்கிறது. நாம் எதையும் கற்பதும் மறப்பதும் இப்படித்தான். கஞ்சாவில் உள்ள பொருள் மூளையின் அந்தப் பொருளைப் போல வேஷம் போட்டு உள்ளே வருகிறது. வேண்டிய இடத்தில் வேண்டிய நேரத்தில் மட்டும் ஒலிக்க வேண்டிய 'போதும்', எங்கும் எப்போதும் ஒலிக்கிறது. நாளடைவில் மூளை அதைக் கேட்கும் காதுகளைக் குறைத்துக்கொள்கிறது. இவ்வளவையும் சொல்லிவிட்டுத் திரும்பினேன். பதினேழு பேர் முகத்திலும் ஒன்றும் இல்லை.

ஏழுமலை எழுந்தார். "நான் சொல்லட்டா டீச்சர்?" என்று கேட்டுவிட்டு அவர்கள் பக்கம் திரும்பினார்.

"தோ பாரு. நம்ம மண்டைக்குள்ள ஒரு கண்டக்டர் கீறான். பஸ்சு ரொம்பிச்சின்னா விசில் அடிச்சி, 'போதும், ஏறாத'ன்றான். கரெக்டா அடிப்பான். நாம இன்னா பண்ணோம், வெளியேந்து ஒரு டூப்ளிகேட் கண்டக்டர இட்டாந்து ஏத்துனோம். அவன் காலி பஸ்சுக்கும் விசில் அடிக்கிறான், ரொம்புன பஸ்சுக்கும் விசில் அடிக்கிறான். டிரைவர் பாத்தான், இன்னாடா இது ரோதன, காதுல பஞ்ச வெச்சிகினான். இப்ப ஒரிஜினல் கண்டக்டர் அடிச்சாலும் அவனுக்கு கேக்காது."

"அப்ப டூப்ளிகேட்ட எறக்கி வுட்டா?" என்று ஒருவர் கேட்டார்.

"பஞ்ச எடுக்க கொஞ்ச நாளு ஆவும். அதுவரிக்கும் பஸ்சு தாறுமாறாதான் ஓடும். தூக்கம் வராது, சோறு எறங்காது, எவன பாத்தாலும் கடுப்பாவும். பஞ்சு எடுத்துகினு கீறான்னு நெனச்சிக்க."

நான் பலகையைத் துடைத்துவிட்டேன். அன்றிலிருந்து முன்வரிசையில் எனக்குப் பக்கத்தில் அவருக்கு ஒரு நாற்காலி. நான் சொல்வேன், அவர் சொல்வார். சில சமயம் அவர் சொன்னதில் பிழை இருக்கும். திருத்துவேன். "டீச்சர் சொல்றதுதான் கரெக்டு, ஆனா நான் சொன்னத ஞாபகம் வெச்சிக்க" என்பார்.

அவருக்கென்று ஒரு வேலைமுறை இருந்தது. உங்களில் பலர் அதில் பயணம் செய்தவர்கள். புதிதாக வருகிறவரை ஒருநாள் பகலில் தன் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு, அவர் தினமும் போகும் வழியிலேயே போவார். எந்த இடத்தில் ஆசை எழுகிறதோ அங்கே சொல்லச் சொல்வார். 'கூப்புட்ற எடம்' என்று அதற்குப் பெயர். பெட்டிக்கடை, பாலத்தடி, பழைய கூட்டாளி வீட்டுச் சந்து, எதுவானாலும் வண்டியை நிறுத்திப் பார்த்துவிட்டு, அதைத் தொடாமல் வீட்டுக்கும் வேலைக்கும் போக வேறு வழி கண்டுபிடித்துக் கொடுப்பார். ஒருவருக்குக் கூப்பிடும் இடம் தன் வீட்டு மொட்டை மாடி. அதற்கு வேறு வழி ஏது? ஏழுமலை யோசித்துவிட்டு, "இனிமே வூட்டு துணி மொத்தமும் நீதான் காயப்போட்ற. மாடி ஃபுல்லா கொடி கட்டு. நிக்க எடம் இருக்க கூடாது" என்றார். அந்த வீட்டு அம்மாள் ஆறு மாதம் கழித்து எனக்கு ஒரு டப்பா மைசூர்பாகு கொண்டுவந்து கொடுத்தார்.

அவருடைய சொந்தக் கூப்பிடும் இடம் பல்லாவரத்து வெள்ளிக்கிழமைச் சந்தை. சந்தையில் பழைய இரும்புச் சாமான் பரப்பியிருக்கும் வரிசை தாண்டி, புறாவும் லவ் பேர்ட்ஸும் கூண்டில் வைத்து விற்பார்கள். அதற்குப் பின்னால் ஒரு மதில். இருபத்தோரு வருடம் அவர் நின்ற மதில் அது. அதனால் வெள்ளிக்கிழமைகளில் அவர் வண்டி ஜி.எஸ்.டி. ரோட்டில் பல்லாவரம் பக்கம் போகாது. மேடவாக்கம் ரூட்டில் ஓட்டுவார். "வெள்ளிக்கெழம பல்லாவரம் கெடையாது" என்று அவர் சொன்னால், விரதம் போல என்று நினைத்துக்கொண்டு சவாரிக்காரர்கள் மரியாதையாக இறங்கிப்போவார்கள்.

கூப்பிடுவதைப் பற்றி அவர் சொல்லும் ஒரு வரி இருக்கிறது. "கூப்புடாத எடமே கெடையாது. பதில் சொல்லாம நடக்கறதுதான்." இதைச் சொன்னவர்தான் இரண்டு வருடங்களுக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை என்னிடம் வேறு ஒன்று கேட்டார். அன்று நான், நிறுத்திய சில வாரங்களில் மூளையின் அந்தக் காதுகள் பெரும்பாலும் திரும்பிவிடும் என்று சொல்லியிருந்தேன். அது உண்மைதான். எல்லாரும் முகம் மலர்ந்து கிளம்பினார்கள். அவர் மட்டும் நின்றார்.

"டீச்சர், எனக்கு பத்து வருஷம் ஆச்சி. காது எப்பவோ வந்துருக்கும். அப்ப இன்னாத்துக்கு புறா கூண்டு நாத்தம் மூக்குல பட்டா வாய் ஊறுது? போன வாரம் வண்டில ஒர்த்தன் புறாவோட ஏறிட்டான். ஸ்டேரிங்க புடிக்க முடியல."

இது நல்ல கேள்வி. எனக்கு நல்ல கேள்வி என்றால் உற்சாகம் வந்துவிடும், அதுதான் என் வியாதி. காது வேறு, படித்த பாடம் வேறு என்று சொன்னேன். இந்த வாசனை வந்தால் இந்தச் சுகம் வரும் என்று மூளை இருபத்தோரு வருடம் படித்திருக்கிறது. அந்த இணைப்புகள் வலுத்துக் கிடக்கின்றன. அவை சும்மா இருந்தால் அழிவதில்லை. விலகிப்போனாலும் அழிவதில்லை. வாசனை வந்தது, சுகம் வரவில்லை என்று மூளைக்குத் திரும்பத் திரும்பக் காட்டினால், பழைய பாடத்துக்கு மேல் ஒரு புதுப் பாடம் எழுதப்படும். வேடிக்கை என்னவென்றால் அதை எழுதவும் மூளைக்கு அதே காதுகள்தான் வேண்டும்.

"எங்க எழுதணும்?" என்று கேட்டார்.

"அதே இடத்தில்தான்" என்று சொல்லிவிட்டுப் பையைத் தோளில் மாட்டினேன். ஐந்தரை மணிப் பேருந்தைப் பிடிக்க வேண்டியிருந்தது. இதையெல்லாம் மருத்துவர்கள் அருகில் இருந்து, சிறுகச் சிறுகச் செய்விப்பார்கள், தனியாகப் போய் நிற்கக் கூடாது என்பதையும் சொல்லியிருக்க வேண்டும். தெரிந்துதான் இருந்தது. பேருந்தில் உட்கார்ந்த பிறகு நினைவுக்கு வந்தது. அடுத்த வாரம் சொல்லலாம் என்று நினைத்தேன். அடுத்த வாரம் வேறு பாடம்.

பிறகு நடந்ததை நான் தெரிந்துகொண்ட வரிசையிலேயே சொல்கிறேன். கடந்த வருடம் ஆடி மாதக் கடைசியில், வகுப்புக்கு வரும் ஒருவர் தயங்கித் தயங்கி என்னிடம் வந்தார். ஏழுமலை அண்ணனைச் சந்தையில் புறாக் கூண்டுகளுக்குப் பின்னால் பார்த்ததாகச் சொன்னார். மதிலைப் பார்த்துக்கொண்டு நின்றாராம். கண் ஒருமாதிரி இருந்ததாம். அதற்கு அடுத்த வாரம் இன்னொருவரும் அதையே சொன்னார். இருவர் மேலும் எனக்குக் குறை இல்லை. பார்த்ததைச் சொன்னார்கள்.

அந்தச் சனிக்கிழமை நான் அவரைக் கூடத்துக்கு வெளியே வேப்பமரத்தடிக்கு அழைத்துப் போனேன்.

"வெள்ளிக்கிழமை பல்லாவரம் போறீங்களாமே?"

"ஆமா டீச்சர். ஒரு வருஷத்துக்கு மேலயே போறேன். வாரா வாரம்."

"எதுக்கு?"

"நீங்க சொன்னதுதான். அங்கயே எழுதணும்னீங்களே. போய் நிப்பேன். ஊறும். அடங்குற வரிக்கும் நின்னுட்டு வந்துடுவேன்."

எனக்கு என்ன தோன்றியது என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். எவ்வளவு நல்ல பொய் என்று தோன்றியது. என் தம்பி எனக்குக் கற்றுக்கொடுத்த ஒரே பாடம் அது. விளக்கம் எவ்வளவு நன்றாக இருக்கிறதோ அவ்வளவுக்கு அதில் பொய் இருக்கும். இதில் என் சொற்களையே எடுத்து எனக்கே தருகிறார். அவர் என் முகத்தைப் பார்த்தார். இருபது வருடம் முகம் பார்த்துச் சவாரி ஏற்றியவர், அவருக்குத் தெரியாதா?

"மெடிக்கல்ல கஞ்சா டெஸ்ட்டு ஸ்ட்ரிப்பு விக்கிது டீச்சர். வாங்கினு வரட்டா? அஞ்சி நிமிஷம். இங்கயே டெஸ்ட்டு பண்ணிடலாம்."

"அதெல்லாம் வேண்டாம். உங்களை நம்பறேன்" என்றேன். அடுத்த மூச்சில், "ஆனா மத்தவங்க பேசறாங்க. மூணு வாரம் பின்னாடி உக்காருங்க" என்றும் சொன்னேன்.

மறுபடி புகைத்து வழுக்கியவர்கள் மூன்று வாரம் கடைசி வரிசையில் உட்கார வேண்டும் என்பது எங்கள் கூடத்தின் ஒழுங்கு. அந்த ஒழுங்கை ஏற்படுத்தியவரே ஏழுமலைதான். அவர் "சரி டீச்சர்" என்று உள்ளே போய்ப் பின்னால் உட்கார்ந்தார்.

நான் ஏன் அந்தச் சோதனைப் பட்டையை வாங்கச் சொல்லவில்லை? பல இரவு இதை யோசித்திருக்கிறேன். அவர் சுத்தம் என்று அது காட்டினால், நான் மன்னிப்புக் கேட்க வேண்டும். இல்லை என்று காட்டினால், பத்துப் பன்னிரண்டு வருடமாக நான் எடுத்த வகுப்புக்கே அர்த்தம் இல்லை. இரண்டுமே எனக்கு வேண்டாம். அதனால் தெரிந்துகொள்ளாமலேயே தண்டித்துவிட்டேன். நம்புகிறேன் என்று வாயால் சொல்லிவிட்டு, கையால் பின்வரிசையைக் காட்டியவளை என்ன பெயர் சொல்லி அழைப்பது என்று தெரியவில்லை.

மூன்று வாரம் முடிந்தது. நாலாவது சனிக்கிழமை முன்னால் இருந்த நாற்காலியைக் காட்டி வரச் சொன்னேன். "இங்கயே நல்லா கீது டீச்சர். காத்து வருது" என்றார். அதற்குப் பிறகு ஏழு மாதம் அங்கேதான் உட்கார்ந்தார். ஒரு வாரம்கூட வராமல் இருந்ததில்லை. ஒரு வார்த்தை மொழிபெயர்க்கவும் இல்லை. நானே கண்டக்டர் கதையைச் சொல்லிப் பார்த்தேன். என் வாயில் அது பாடமாகிவிட்டது, யாரும் சிரிக்கவில்லை. அவர் மட்டும் மரியாதைக்குத் தலையசைத்தார். வகுப்பு முடிந்ததும் "வரேன் டீச்சர்", "சரி ஏழுமலை" என்பதோடு சரி. ஒவ்வொரு வாரமும் இந்த வாரம் பேசிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டு போவேன். அவரைப் பார்த்ததும் பேருந்து ஞாபகம் வந்துவிடும்.

அன்று அந்த அலுவலகத்திலிருந்து நேராக முடிச்சூர் ரோட்டில் இருந்த அவர் வீட்டுக்குப் போனேன். இரண்டே அறைகள் உள்ள வீடு. வாசல், படி, சன்னல் விளிம்பு, கழிப்பறை மேல்தளம் என்று கால் வைக்க இடமில்லாமல் செடிகள். குரோட்டன்ஸ், செம்பருத்தி, பெயர் தெரியாத ஏதேதோ. பாடையை வெளியே எடுக்க இளைஞர்கள் முதலில் தொட்டிகளை நகர்த்த வேண்டியிருந்தது. ஆட்டோக்காரருக்கு இவ்வளவு செடிப் பைத்தியமா என்று யாரோ கேட்டார்கள். பன்னிரண்டு வருடம் பழகியவள், எனக்கும் அது தெரியாது. வகுப்பிலிருந்து வந்தவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் பேசுவேன் என்று எதிர்பார்த்தார்கள் போல. நான் கஸ்தூரியின் கையைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றுவிட்டு வந்தேன்.

கருமாதி முடிந்த மறுநாள் பகலில் தனியாகப் போனேன். கஸ்தூரி கோவளம் பக்கத்து மீனவக் குடும்பத்துப் பெண். குரோம்பேட்டையில் தெருவோரம் மீன் விற்கிறார். அன்று வியாபாரத்துக்குப் போகவில்லை. எனக்கு டீ போட்டுக் கொடுத்துவிட்டு எதிரில் தரையில் உட்கார்ந்தார். நான் மன்னிப்புக் கேட்கத்தான் போயிருந்தேன். எதற்கு என்று சொல்ல ஆரம்பித்ததுமே அவர், "தெரியும் டீச்சர். சொன்னாரு" என்றார்.

"என்ன சொன்னார்?"

"டீச்சர் மேல தப்பில்ல, எனக்கே என் மேல டவுட்டுதான், அவங்களுக்கு வராதான்னாரு."

பிறகு கஸ்தூரி சொன்னார். கஸ்தூரிக்கும் முதலில் கணவர் மேல் சந்தேகம்தான். வெள்ளிக்கிழமை வண்டியை எடுத்துக்கொண்டு போனவர் பல்லாவரம் பக்கம் திரும்பியதாகக் கேள்விப்பட்டதும், மீன் கூடையைப் பக்கத்துக் கடையில் வைத்துவிட்டுச் சந்தைக்கு ஓடியிருக்கிறார். புறாக் கூண்டுகளுக்குப் பின்னால் கணவர் நின்றுகொண்டிருந்தார். கையில் ஒன்றும் இல்லை. சட்டை முதுகு முழுக்க வியர்வை.

"சண்ட போடலாம்னுதான் போனேன் டீச்சர். என்ன பாத்ததும், 'கஸ்தூரி, பக்கத்துல நில்லு, இன்னும் கொஞ்ச நேரத்துல அடங்கிடும்'னாரு. நின்னேன். அடங்கிச்சி. அதுலேந்து வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம நானும் போவேன். சும்மா நின்னா ஆளுங்க ஒருமாதிரி பாக்கறாங்கன்னு ஒரு செடிய வாங்கி கையில வெச்சிக்குவோம்."

நான் வாசலைப் பார்த்தேன். தொட்டிகளை எண்ணத் தொடங்கிப் பாதியில் விட்டுவிட்டேன். அழுகை வந்தது, அழுதேன். கஸ்தூரி அழவில்லை. டீ ஆறிவிடும் என்றார்.

இத்தோடு முடிந்திருந்தால் எனக்கு எல்லாம் தெளிவாகியிருக்கும். ஒரு நல்ல மனிதர், ஒரு முட்டாள் டீச்சர் என்று எழுதி முடித்திருப்பேன். ஆனால் கஸ்தூரி டீ தம்ளரை எடுத்து வைத்துவிட்டு, "ஒரு வாட்டி அவரு தனியா போனாரு" என்றார். ஆடி மாதம். கஸ்தூரிக்குக் காய்ச்சல். சாயங்காலம் வந்தவர் பேசாமல் படுத்துக்கொண்டார். கண் சிவந்திருந்தது. செடி வாங்கிவரவில்லை.

"கேட்டியாம்மா?"

"கேக்கல டீச்சர். அடுத்த வெள்ளிக்கெழம கூட போய் நின்னேன். அவ்ளோதான்."

வகுப்புக்காரர் அவரைப் பார்த்ததும் அந்த ஆடியில்தான். அதே வெள்ளியா, வேறா? நாங்கள் இருவரும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். காய்ச்சல் வந்தது தெருவில் கூழ் ஊற்றியதற்கு முன்பா பின்பா, அந்த வாரம் மழை இருந்ததா என்றெல்லாம் பேசினோம். ஒரு சமயம் அதே வெள்ளி என்று பட்டது, ஒரு சமயம் இல்லை என்று பட்டது. கடைசியில் விட்டுவிட்டோம். கண் சிவக்க நூறு காரணம் உண்டு. கூண்டுத் தூசு போதும். தனியாக இருபது நிமிடம் நின்று போராடி ஜெயித்தவருக்கும் கண் சிவக்கும். தோற்றவருக்கும் சிவக்கும். ஜெயித்தாரா தோற்றாரா என்று எனக்குத் தெரியாது. நேற்று ஒரு மாதிரி நினைத்தேன், இதை எழுதும்போது வேறு மாதிரி நினைக்கிறேன்.

ஒன்று மட்டும் தெரிகிறது. பன்னிரண்டு வருட ஏழுமலை ஒரு பக்கம், என் தம்பியை வைத்து என் மூளை படித்த பாடம் மறுபக்கம் இருந்தது. ஒரே ஒரு நொடியில் பழைய பாடம் ஜெயித்தது. வாரா வாரம் பலகையில் நான் வரைந்தது இதைத்தானே. என் தலைக்குள்ளும் அதே செல்கள்தான் இருக்கின்றன என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவராவது தன் பழைய பாடத்துக்கு எதிரே போய் வியர்க்க வியர்க்க நின்றார். நான் நின்றதில்லை. தம்பிக்கு இரண்டு நாளைக்கு முன்னால் போன் செய்தேன். எடுக்கவில்லை. மறுபடி செய்வேன்.

கிளம்பும்போது கஸ்தூரி என்னோடு வாசல் வரை வந்தார். இவ்வளவு நேரமும் கேட்காமல் வைத்திருந்ததை அங்கேதான் கேட்டார்.

"டீச்சர், நீங்க படிச்சவங்க. சொல்லுங்க. அவரு மூள சரியாச்சா இல்லியா?"

பாதி உண்மையை முழு உண்மை போலச் சொல்வது எனக்குப் பழக்கமான வேலை. ஆகிவிட்டது என்று சொல்ல வாய் திறந்தேன். எதிரில் நின்றவரின் முகத்தைப் பார்த்த பிறகு முடியவில்லை.

"தெரியலம்மா" என்றேன்.

கஸ்தூரிக்கு அதில் ஏமாற்றம் எதுவும் இல்லை.

"அவருக்கும் தெரியாது டீச்சர். அதான் வாரா வாரம் போய் பாத்துட்டு வந்தாரு."

ஏழுமலையிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது இதைத்தான். சனிக்கிழமை வழக்கம்போல நாலு மணிக்கு வகுப்பு உண்டு. இது எப்போதாவது போகுமா டீச்சர் என்று உங்களில் யாராவது கேட்டால், தெரியாது என்று சொல்வேன். சொல்லிவிட்டு, அந்தக் கூப்பிடும் இடத்துக்கு உங்களோடு நானும் வருவேன்.